கதைக்குள் குதித்து வில்லனைக் காப்பாற்றப் போகிறவள்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: “தான் படித்த நாவலுக்குள்ளேயே ஒரு பெண் போய் விழுகிறாள். கடைசி அத்தியாயத்தில் ஊரைக் கொளுத்தப்போகும் வில்லனைத் தேடிப் போய் அன்பு காட்டுகிறாள். அவன் திருந்துகிறான், இருவரும் காதலிக்கிறார்கள். சீன, கொரிய இணைய நாவல்களில் இது ஏன் இவ்வளவு ஓடுகிறது? கெட்டவனைக் காதலால் திருத்தலாம் என்ற பழைய பொய்தானே இது?”

அந்தப் பழைய பொய் இதில் உண்டு. இல்லை என்று வாதாடப் போவதில்லை. ஆனால் அது மட்டும்தான் வேண்டும் என்றால் ஒரு முரட்டு நாயகனும் அழுகிற நாயகியும் போதும். செத்துப்போய் இன்னொருத்தி உடம்பில் விழிப்பது, காதுக்குள் ஒரு சிஸ்டம் (கணினி விளையாட்டுபோலக் கட்டளையிடும் ஒரு குரல்) வந்து பணி கொடுப்பது, அவன் தலைக்கு மேல் அன்புப் புள்ளி தெரிவது என்று இத்தனை தட்டுமுட்டுச் சாமான் எதற்கு? அந்தச் சாமான்களில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் கட்சி. இவை வில்லனைப் பற்றிய கதைகள் போலத் தோன்றினாலும், உள்ளுக்குள் வாசகியைப் பற்றியவை. எழுத்தாளர் தந்த தீர்ப்பை ஏற்காமல் உள்ளே இறங்குகிறாள். இறங்கிய பிறகு, தான் காட்டுகிற கருணைக்கே கணக்குச் சொல்ல வேண்டியவளாகிறாள்.

சீனாவில் இந்த வகைக் கதைகளின் முந்தைய அலை வரலாற்றுக்குள் போனது. டோங் ஹுவா 2005இல் இணையத்தில் எழுதிய ‘பூ பூ ஜிங் சின்’ அதில் பெரிய பெயர். 2011இல் தொலைக்காட்சித் தொடராகி இன்னும் பரவியது. இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி காங்ஷி பேரரசரின் காலத்தில், அரியணைக்கு அடித்துக்கொள்ளும் இளவரசர்களுக்கு நடுவே கண் விழிக்கிறாள். நான்காம் இளவரசன்தான் பட்டம் ஏறுவான், எட்டாம் இளவரசனின் கூட்டம் சிதறிப்போகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? வரலாறு வளைந்து கொடுக்காது. பின்னால் நடக்கப்போவது தெரிந்திருப்பதே அவளுக்குத் துக்கமாகிறது.

புத்தகத்துக்குள் விழும் கதைகள் இங்கே ஒரு தந்திரம் செய்தன. விதியின் இடத்தில் ஒரு நாவலை வைத்துவிட்டன. அதுவும் யாரோ ஒருவர் அவசர அவசரமாக எழுதித் தள்ளிய நாவல். நாவல் என்றால் ஓட்டை இருக்கும். பாதியில் மறந்துபோன பாத்திரம் இருக்கும், நாயகனுக்குக் கைதட்டல் வாங்கித் தருவதற்காகவே கெட்டவனாக்கப்பட்ட தம்பி இருப்பான். விதியோடு மல்லுக்கு நிற்க முடியாது. எழுத்தாளரோடு நிற்கலாம்.

இந்த ஆசை இணையத்தில் பிறந்ததும் அல்ல. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்ற அச்சக முதலாளி 1740இல் ‘பமீலா’ எழுதினார். வேலைக்காரச் சிறுமியை அடையத் துடிக்கும் எஜமானன், அவள் எழுதிவைத்த கடிதங்களையும் நாட்குறிப்பையும் படித்துப் படித்து மனம் மாறி, அவளையே மணக்கிறான். (வாசிப்பால் திருந்திய வில்லன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. எட்டு வருஷத்துக்குள் அதே ரிச்சர்ட்சன் ‘கிளாரிஸ்ஸா’ எழுதுகிறார். இந்தத் தடவை வில்லன் லவ்லேஸ் திருந்துவதில்லை. பெண்ணைக் கடத்தி, மயக்க மருந்து கொடுத்துக் கெடுக்கிறான். அவள் சாகிறாள், பின்னால் அவனும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் சாகிறான். திருந்திய ஸ்திரீலோலன்தான் நல்ல புருஷனாவான் என்ற நம்பிக்கை ஆபத்தானது என்று முன்னுரையிலேயே எச்சரித்தார்.

வாசகிகள் கேட்டார்களா? நாவல் 1747, 1748இல் பகுதி பகுதியாக வெளிவந்தபோதே, லேடி பிராட்ஷே என்ற வாசகி வேறு பெயரில் அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்: அவனைத் திருத்துங்கள், இருவரையும் சேர்த்து வையுங்கள். ரிச்சர்ட்சன் மசியவில்லை. வாசகிகள் லவ்லேஸுக்காக உருகுவதைப் பார்த்துவிட்டு, 1751 பதிப்பில் அவனை இன்னும் கொடியவனாகக் காட்டும் பகுதிகளைச் சேர்த்தார். எழுத்தாளருக்கும் வாசகிக்கும் நடந்த இழுபறியில் அன்றைக்கு எழுத்தாளர் ஜெயித்தார், ஏனென்றால் அச்சகம் அவர் கையில் இருந்தது. இப்போதைய நாவல்களில் லேடி பிராட்ஷே கடிதம் எழுதிக் காத்திருக்க மாட்டாள். நேரே உள்ளே இறங்கிவிடுவாள்.

அவள் இறங்குவதற்கு வழி போட்டுக் கொடுத்தவை ஜின்ஜியாங் போன்ற தளங்கள். 2003இல் தொடங்கிய அந்தச் சீனத் தளத்தில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். நாவல் தினம் ஓர் அத்தியாயமாக வரும். அத்தியாயத்துக்கு அடியிலேயே வாசகர்கள் திட்டுவார்கள், அழுவார்கள், நாளைக்கு என்ன நடக்க வேண்டும் என்று உத்தரவு போடுவார்கள். கட்டணம் ஆயிரம் எழுத்துக்குச் சில ஃபென் என்ற கணக்கில், அதாவது காசுக்கணக்கில், வசூலாகும். இந்த ஏற்பாட்டில் பழுத்த வாசகி என்ன மாதிரி இருப்பாள்? நாலு அத்தியாயம் படித்ததுமே யார் சாவார், யார் துரோகி, எந்தத் தோழி விஷம் வைப்பாள் என்று சொல்லிவிடுவாள். அவளைக் கதைக்குள் தூக்கிப் போட்டால் எப்படியிருக்கும் என்று யாராவது யோசிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இதை மிகக் கூர்மையாகச் செய்தது, என் கணக்கில், மோ சியாங் டோங் ஷியூ ஜின்ஜியாங்கில் எழுதிய முதல் நாவல். தமிழில் தலைப்பைச் சொன்னால் ‘கேடுகெட்ட வில்லன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் சிஸ்டம்’ என்று வரும். ஷென் யுவான் என்ற இளைஞன் காசு கட்டி ஒரு நீள நாவலைக் கடைசிவரை படிக்கிறான், எழுத்தாளரைத் திட்டிக்கொண்டே சாகிறான், அதே நாவலில் ஷென் சிங்ச்சியு என்ற கொடுமைக்கார குருவின் உடம்பில் விழிக்கிறான். அந்த குருவின் கையில் சித்திரவதை படும் சீடன் லுவோ பிங்ஹெ பின்னால் அசுர அரசனாகி, அவருடைய கை கால்களை வெட்டிப் பழி தீர்ப்பான் என்பது மூலக் கதை. ஷென் யுவானுக்கு முதல் கவலை தன் கை கால். பையனிடம் அன்பாக நடந்துகொள்ளத் தொடங்குகிறான். அப்புறம் அந்த அன்பு எங்கே கணக்கு, எங்கே நிஜம் என்று அவனுக்கே தெரியாமல் போகிறது. (இது இரண்டு ஆண்களின் காதல் கதை, முன்பே சொல்லிவிடுகிறேன்.)

அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மூல நாவலை எழுதிய ஆசாமியும் அதே கதைக்குள் ஒரு சில்லறைப் பாத்திரமாக வந்து மாட்டியிருக்கிறான். வாசகனும் எழுத்தாளனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். அப்போது தெரியவருகிறது: கொடுமைக்கார குருவுக்கு ஒரு பின்கதையை எழுத்தாளன் யோசித்துத்தான் வைத்திருந்தான், எழுதும்போது விட்டுவிட்டான். படிக்கிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறவன் அவன். ஆக, அந்த மனிதன் முழுக் கெட்டவனாகத் தெரிந்ததற்கு அவன் குணம் பாதிக் காரணம், சந்தை பாதிக் காரணம். வில்லன்மேல் வாசகிக்கு வரும் பரிவின் வேர் இங்கே இருக்கிறது. அவன் நல்லவன் என்று அவள் நம்புவதில்லை. அவன் பக்கத்துக் கதையை யாரும் எழுதவில்லை என்பதுதான் அவளை உறுத்துகிறது.

அடுத்து சிஸ்டம். அன்பை எண்ணாகக் காட்டும் வழக்கம் ஜப்பானிய விளையாட்டுகளிலிருந்து வந்தது. 1994இல் கோயெய் நிறுவனம் வெளியிட்ட ‘ஆஞ்செலிக்’தான் பெண்களுக்கான காதல் விளையாட்டுகளில் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். யாரிடம் என்ன பேசினால் எத்தனை அன்பு கூடும் என்ற கணக்கு அந்த வகை விளையாட்டுகளின் உயிர்நாடி. சீன, கொரிய நாவல்கள் அந்த மீட்டரைப் பிடுங்கி வில்லன் தலைமேல் மாட்டின. அன்புப் புள்ளி நூறு ஆனால் நாயகி வீடு திரும்பலாம், அவன் மனம் இருண்டு போகும் அளவு நூறு ஆனால் உலகம் அழியும் என்று இரண்டு மீட்டர் வைக்கிறவர்களும் உண்டு.

வாசகிக்கு இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நாயகி கொலைகாரனை நெருங்குவது மயங்கி அல்ல, வேலையாக. ‘இவள் ஏன் இவனை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள்?’ என்ற எரிச்சல் நமக்கு வராது, போனால் அவள் செத்துப்போவாள் என்று சிஸ்டம் சொல்லிவிட்டதே. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை உண்டு, நல்ல எழுத்தாளர்கள் அதைக் கட்டாயம் வசூலிப்பார்கள். யாரையும் நம்பாத ஒருவன், சிறுவயதிலிருந்து எல்லாராலும் ஏமாற்றப்பட்ட ஒருவன், முதல் தடவையாக ஒருத்தியை நம்புகிறான். அவள் புள்ளிக்காக வந்தவள். இருவரில் இப்போது யார் ஏமாற்றுக்காரர்?

இந்த வகைக் கதைகளின் உச்சக்கட்டம் அவன் திருந்தும் இடம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பழகிய வாசகி காத்திருப்பது அவனுக்கு உண்மை தெரியப்போகும் இடத்துக்காக. பசித்த நேரத்தில் அவள் கொடுத்த கஞ்சி, காய்ச்சலில் அவள் கண் விழித்த இரவு, எல்லாமே கணக்கில் எழுதப்பட்டவை என்று அவன் அறியும் அந்த அத்தியாயம். ஷென் யுவானின் கதையில் இது நெஞ்சைப் பிசையும். தானே பாசத்தோடு வளர்த்த பையனை, சிஸ்டம் விதித்த கட்டாயத்தால், தன் கையாலேயே அசுர உலகத்தின் படுகுழியில் தள்ள வேண்டியிருக்கிறது. கொடுமைக்கார குரு தள்ளியிருந்தால் பையன் வெறுத்திருப்பான், அத்தோடு முடிந்திருக்கும். அன்பு காட்டியவர் தள்ளினால் அந்தப் பையனுக்குள் என்ன வளரும்? காப்பாற்ற வந்த கையே வில்லனை உருவாக்கிவிடலாம் என்பதை இந்த வகை நாவல் தன் சொந்த விதிகளை வைத்தே காட்டுகிறது.

நம்மூர்க் கதை ஒன்று இந்த இடத்தில் ஞாபகம் வராமல் போகாது. கூடு விட்டுக் கூடு பாய்வதில் நமக்குத் திருமூலரைவிடப் பெரிய ஆள் யார்? மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைப் பார்த்து இரங்கி அவன் உடம்பில் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். மாலையில் மூலனின் மனைவி வந்து கையைப் பிடிக்கப் போனபோது, உனக்கும் எனக்கும் உறவே கிடையாது என்று சொல்லிவிட்டு மடத்துக்குள் போய்விட்டார். சித்தருக்கு அது செல்லும். இந்த நாவல்களின் நாயகிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. புகுந்த உடம்பின் கடன், பாவம், அது அடித்த அடி எல்லாமே அவர்கள் தலையில் ஏறும்.

2023இல் யூகூ என்ற சீன வீடியோ தளத்தில் 40 பகுதிகளாக வந்து பலரை இந்த வகைக்கு இழுத்துவந்த ‘சாங் யுவெ ஜின் மிங்’ தொடர் முழுக்க அந்தக் கடனில்தான் நிற்கிறது. அசுரக் கடவுள் உலகத்தை அழித்துக்கொண்டிருக்கும்போது லி சூசூ 500 ஆண்டுகள் பின்னால் அனுப்பப்படுகிறாள். அவன் அப்போது டான்டாய் ஜின், பகை நாட்டில் பணயமாக வளர்ந்த, யாரும் மதிக்காத இளவரசன். அவள் விழித்தெழும் உடம்பு அவனுடைய மனைவி யே ஷிவூவின் உடம்பு. அவனை வதைப்பதில் முன்னணியில் நின்றவள். ஆகவே அவன் அவளை நம்பக் காரணமே கிடையாது. அவளும் அவனைக் காதலிக்க வரவில்லை, அவனுக்குள் இருந்து அவனை அசுரனாக்கும் தீய எலும்பை அழிக்க வந்திருக்கிறாள். மூல நாவலின் தலைப்பிலேயே சோக முடிவுக்கான கதைவசனம் கையில் இருப்பதாக எழுதியிருக்கும். என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தே உட்கார்ந்து பார்க்கிறோம்.

இது நாவலுக்குள் விழும் கதை அல்லவே, காலத்தில் பின்னோக்கிப் போகும் கதைதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் உள்ளே ஓடும் யந்திரம் ஒன்றே: முடிவை அறிந்தவள், தொடக்கத்துக்கு வருகிறாள். போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2011இல் சீன ஒளிபரப்பு அதிகாரிகள், காலப்பயணத் தொடர்கள் வரலாற்றை விளையாட்டாகக் கையாள்வதாகக் கண்டித்தார்கள். அதற்குப் பின் திரைக்கு வந்த கதைகள் பலவற்றில் இந்தக் குதிப்பு வேறு வேஷம் போட்டு வருவதைப் பார்க்கலாம். 2020இல் வந்த ஒரு நகைச்சுவைத் தொடரில் திரைக்கதை எழுதும் பெண் தன் கதைக்குள்ளேயே போவது கனவாகக் காட்டப்பட்டது.

இனி, உங்கள் கேள்வியில் இருந்த குத்தலுக்கு வருகிறேன். பழைய பொய் எங்கே ஒளிந்திருக்கிறது? நாயகி எப்போது வந்து சேர்கிறாள் என்பதில். வில்லன் ஏழு வயதுப் பையனாக இருக்கும்போதே அவள் போய்விட்டால், அங்கே திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. அவன் இன்னும் எந்தப் பாவமும் செய்யவில்லை. பசித்த குழந்தைக்குச் சோறு போடுகிறாள், அவ்வளவுதான். கொரிய நாவல்களில் இப்படிக் குழந்தை வில்லனை வளர்க்கும் கிளையே தனியாக உண்டு. இனிக்க இனிக்க இருக்கும், ஆனால் மனந்திருந்துதல் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. வருமுன் காத்தல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அவன் கையில் ரத்தம் பட்ட பிறகு வருகிறவளின் கதைதான் கடினம். பெரும்பாலான நாவல்கள் அங்கே சறுக்குகின்றன. சறுக்கும் விதமும் ஒரே மாதிரி இருக்கும். அவனுடைய குழந்தைப் பருவத்தை ஐந்து அத்தியாயத்துக்கு விவரித்துவிட்டு, அவன் கொன்றவர்களை ஒரே வரியில் ‘ஒரு கிராமம்’ என்று கடந்துபோவார்கள். அந்தக் கிராமத்தில் ஒருவருக்கும் பெயர் இருக்காது. எழுதப்படாத பின்கதைக்காகக் கண்ணீர் விட்டு உள்ளே குதித்த வாசகி, அந்தக் கிராமத்தின் எழுதப்படாத கதையை மட்டும் கேட்க மாட்டாள். இது எனக்கு ஆறவே ஆறாத எரிச்சல். செத்தவர்களில் ஒருவரின் தங்கையோ மகனோ நேரில் வந்து நிற்க, அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும் நாவல்கள் குறைவு. அப்படிப்பட்டது கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு சறுக்கல் பொறாமை. அவளைப் பூட்டி வைப்பது, பின்தொடர்வது, அவளோடு பேசியவனின் கையை ஒடிப்பது. கொரிய ரசிகர்கள் இதற்கு வெறிபிடித்த நாயகன் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், தேடிப் படிப்பவர்களும் உண்டு. கற்பனையில் அது பயமும் கிளுகிளுப்பும் கலந்த சரக்கு, வயது வந்தவர்கள் தெரிந்தே படிக்கிறார்கள். எனக்கு அதில் புகார் இல்லை. ஆனால் அதையே அவன் திருந்தியதற்குச் சாட்சியாகக் காட்டும்போதுதான் கதை பொய் சொல்கிறது. ஊரைக் கொளுத்துவதை நிறுத்திவிட்டு அவள் ஒருத்தியை மட்டும் கொளுத்துகிறவன் திருந்தியவன் அல்ல.

தமிழில் இணையத் தொடர்கதை படிப்பவர்களுக்கு ஆன்டி ஹீரோ கதைகள் பழக்கம்தான். கோடீஸ்வரன், கோபக்காரன், பழிவாங்கக் கல்யாணம் செய்துகொள்கிறவன். இரண்டும் ஒன்று என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்முடைய கதைகளின் நாயகிக்கு அவன் ஏன் இப்படி என்பது கடைசிவரை தெரியாது. பொறுத்துக்கொள்வதுதான் அவள் வேலை, உண்மை ஒருநாள் அவனாகப் பார்த்துச் சொல்லும்போதுதான் தெரியும். புத்தகத்துக்குள் விழுந்தவளுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும். அவன் அம்மா எப்படிச் செத்தாள், எந்த மழை நாளில் அவன் மனசு முறியும் என்பதெல்லாம். அறிவு அவள் பக்கம், உடல்பலம் அவன் பக்கம். தராசு அதனால்தான் ஆடுகிறது. கொஞ்ச நாளில் அவள் அறிவும் காலாவதியாகும், ஏனென்றால் அவள் வந்ததாலேயே கதை மாறிவிட்டது. அந்த இடத்திலிருந்துதான் அவள் அவனை நேருக்கு நேர் பார்க்கிறாள். புத்தகத்தில் படித்த வில்லன் அல்ல, தனக்குத் தெரியாத ஒரு மனிதன். காதல் என்று நான் ஒத்துக்கொள்வது அதற்குப் பிறகு வருவதைத்தான். அதற்கு முன்னால் இருப்பது ரசிகை மனம்.

எல்லாவற்றையும் தாண்டி ஒரு சாதாரண சந்தோஷமும் உண்டு, பெரிதாக விளக்கத் தேவையில்லை. உலகத்துக்கே பயங்காட்டுகிறவன் ஒருத்தி முன்னால் மட்டும் என்ன பேசுவது என்று தெரியாமல் விழிப்பான். அவள் திட்டினால் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பான். சிரிப்பு வரும். நீளமான நாவல்களை இழுத்துச் செல்வது பாதி நேரம் இதுதான். அப்புறம், அவளை அலட்சியம் செய்துவிட்டுப் பின்னால் மண்டியிட்டு அலைகிற நாயகனுக்குச் சீன வாசகர்கள் வைத்திருக்கும் பட்டம் ‘பெண்டாட்டியைத் துரத்திச் சுடுகாடு வரை’. அதற்காகவே படிக்கும் கூட்டமும் பெரியது.

எங்கே தொடங்குவது என்று அடுத்து கேட்பீர்கள். சிரித்துக்கொண்டே யோசிக்க வேண்டும் என்றால் ஷென் யுவானின் கதை. ஆங்கிலத்தில் 2021 முதல் அதிகாரபூர்வமாகவே புத்தகமாகக் கிடைக்கிறது. பார்க்கத்தான் பிடிக்கும் என்றால் டான்டாய் ஜின் தொடர். முதல் சில பகுதிகளில் அரண்மனைக் குடும்ப உறவுகள் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு எதையாவது எடுத்தால், கதைச் சுருக்கத்தில் நாயகி எப்போது வந்து சேர்கிறாள், சிஸ்டத்தைப் பற்றி அவனிடம் சொல்கிறாளா என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். கடைசிவரை சொல்லாமலே கல்யாணத்தில் முடிகிற நாவலை நான் பாதியில் மூடிவிடுவேன்.